வீடு வீடாக வந்து கேட்பது எதற்கு? தாய்-சேய் நலக் கணக்கெடுப்பு, புதுச்சேரி-கடலூரை வைத்து ஒரு விளக்கம்

கையில் டேப்லெட்டோடு இரண்டு பெண்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். "வீட்டுல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா, அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கா?" புதுச்சேரி முத்தியால்பேட்டையானாலும் சரி, கடலூர் மஞ்சக்குப்பமானாலும் சரி, பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "போன மாசம்தானே நர்ஸம்மா வந்து எழுதிட்டுப் போனாங்க, கர்ப்பப் பதிவு நம்பரெல்லாம் வாங்கியாச்சு, மறுபடியும் எதுக்கு?"

நியாயமான கேள்வி. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து குழந்தைக்கு ஒன்றரை வயதுத் தடுப்பூசி போடும் வரை எல்லாமே ஏதோ ஓர் இணையதளத்தில் பதிவாகிற காலம் இது. பிறகும் ஏன் கதவைத் தட்டுகிறார்கள்? அப்புறம் கொஞ்ச நாளில் செய்தியில் ஒரு சதவீதம் வருகிறது, சுகாதாரத் துறை சொன்ன சதவீதம் வேறாக இருக்கிறது, இரண்டில் ஒன்று பொய் என்று ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். பெரும்பாலான நேரம் இரண்டுமே பொய்யில்லை, இரண்டும் வெவ்வேறு நூறு பேரைப் பற்றிப் பேசுகின்றன. அந்த நூறு பேர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிற விஷயம்.

பதிவேடு வேறு, சர்வே வேறு

ஒரு தாயும் குழந்தையும் அரசுக் கணக்கில் நான்கு இடங்களில் வரலாம். நான்கும் நான்கு வேலைக்காக இருப்பவை.

1. சேவைப் பதிவேடு. தமிழ்நாட்டில் பிக்மி, மற்ற இடங்களில் ஆர்.சி.எச். தளம், இரண்டும் கர்ப்பிணியையும் குழந்தையையும் பதியும் அரசு இணையதளங்கள். பெயர், கைப்பேசி எண், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் இதில் இருக்கும். இந்தப் பெண்ணுக்கு அடுத்த பரிசோதனை எப்போது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி எந்தத் தவணையில் நிற்கிறது என்று பார்ப்பதற்கு. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாலே இந்தப் பதிவில் தரும் 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள்.

2. பிறப்பு-இறப்புப் பதிவு. 1969ஆம் வருடச் சட்டப்படி நடப்பது. 21 நாளுக்குள் பதிய வேண்டும். குழந்தை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த நகராட்சியில்தான் பதிவாகும். பெற்றோர் குடியிருக்கும் ஊரில் அல்ல.

3. மாதிரிப் பதிவு முறை, அதாவது எஸ்.ஆர்.எஸ். தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து எண்ணிக்கொண்டே இருப்பது. சிசு மரண விகிதம், தாய் இறப்பு விகிதம் என்று ஆண்டுதோறும் செய்தியில் படிப்பது பெரும்பாலும் இங்கிருந்து வருவது.

4. குடும்ப ஆய்வு, நாம் சர்வே என்று சொல்வது. பெரியது தேசியக் குடும்ப நல ஆய்வு. 1992-93இல் தொடங்கியது, ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது, சுமார் 6.37 லட்சம் வீடுகள். மும்பையில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துகிறது. மருத்துவக் கல்லூரிகளும் நகர்நல மையங்களும் தங்கள் பகுதிக்குள் நடத்தும் சின்னச் சின்ன சர்வேக்களும் இந்த வகைதான். புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு மருத்துவக் கல்லூரியான ஜிப்மரின் நகர்ப்புற நல மையம் இருக்கும் குருசுக்குப்பம் மாதிரி இடங்களில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை.

முதல் இரண்டும் சர்வேயும் எங்கே பிரிகின்றன என்றால், பதிவேடு தன்னிடம் வந்தவர்களை மட்டும்தான் அறியும், வராதவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே தெரியாது. சர்வே வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனவரும் போகாதவரும், அரசிடம் ஊசி போட்டவரும் தனியாரிடம் போட்டவரும், நேற்றுத்தான் வாடகைக்கு வந்தவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். கதவைத் தட்டினால் எல்லாரும் வருவார்கள்.

நகரத்தில் இது கிராமத்தைவிட அதிகம் தேவை. கிராமத்தில் எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார் என்பது கிராம சுகாதார செவிலியருக்கு மூன்றாம் மாதத்துக்குள் தெரிந்துவிடும். நகரத்தில் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் அளவுகோல். பத்தாயிரம் பேரை ஒருவர் முகம் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. இதற்கு மேல் பாதிப் பேர் தனியார் டாக்டரிடம் போகிறவர்கள் என்றால், அவர்கள் குழந்தைக்குப் போட்ட ஊசியெல்லாம் டாக்டர் கொடுத்த சின்னப் புத்தகத்தில் மட்டும் இருக்கும், பதிவேட்டில் அந்தக் குழந்தை ஊசியே போடாத குழந்தை.

எந்த ஊர்க் குழந்தை?

புதுச்சேரியில் இந்தக் குழப்பம் நிறையவே இருக்கிறது, காரணம் வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். தமிழ்நாட்டு நிலமும் புதுச்சேரி நிலமும் துண்டு துண்டாகப் பின்னிக்கிடக்கின்றன. கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே ஜிப்மர், ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, இவை போகத் தனியார் மருத்துவக் கல்லூரிகள். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து சிக்கலான பிரசவம் என்றால் வண்டி நேராக அங்கேதான் போகும்.

பிறந்த இடத்தில் பதிவு என்ற சட்ட விதியை இதோடு சேர்த்துப் பாருங்கள். கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்துப் பெண் ஜிப்மரில் பிள்ளை பெற்றால், அந்தப் பிறப்பு ஜிப்மர் இருக்கும் உழவர்கரை நகராட்சியின் கணக்கு. புதுச்சேரியில் ஒரு வருடம் பதிவாகும் பிறப்புகளில் கணிசமான பகுதி இப்படி வெளியிலிருந்து வந்த தாய்மார்களுடையது. அந்த எண்ணிக்கையைப் புதுச்சேரியின் மக்கள்தொகையால் வகுத்தால் பிறப்பு விகிதம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் நிற்கும். இறப்பிலும் இதே கதைதான். எங்கும் காப்பாற்ற முடியாத குழந்தைகளைத்தான் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அவற்றில் சில அங்கே இறக்கும், இறந்த இடத்தை வைத்து எண்ணினால் நல்ல ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்தான் மோசமான ஊராகத் தெரியும்.

குடும்ப ஆய்வும் எஸ்.ஆர்.எஸ்.ஸும் குடியிருப்பை வைத்து எண்ணுவதால் இந்தத் தவறு அவற்றில் வருவதில்லை. ஆக, "புதுச்சேரியில் இத்தனை பிறப்பு" என்ற செய்தியும் "புதுச்சேரிப் பெண்களில் இத்தனை சதவீதம்" என்ற செய்தியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தக் கூடாது.

வளைகாப்பு முடிந்தால் கணக்கும் ஊர் மாறும்

சர்வேக்கும் தன் சிக்கல் இருக்கிறது, அது நம் வழக்கத்திலிருந்து வருவது.

முதல் பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போகிறாள், பிரசவம் ஆகி மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்புகிறாள். அதாவது கர்ப்பத்தின் கடைசி மாதங்கள், பிரசவம், தாய்ப்பால் தொடங்குவது, முதல் மூன்று தவணைத் தடுப்பூசி என்று ஒரு தாயின் வாழ்க்கையில் கண்காணிப்பு அதிகம் தேவைப்படும் ஆறேழு மாதமும் அவள் "முகவரி" என்று எழுதியிருக்கும் வீட்டில் இல்லை.

ஒரு சாதாரண நிலைமையை எடுத்துக்கொள்வோம். பெண் வாக்கப்பட்டது லாஸ்பேட்டை, தாய்வீடு கடலூர் முதுநகர். கர்ப்பம் பதிவானது புதுச்சேரியில். எட்டாம் மாதத்திலிருந்து கடலூரில் இருக்கிறாள், அங்கே பரிசோதனைக்குப் போனால் தமிழ்நாட்டுத் தளத்தில் எண் வேண்டும். பிரசவம் மறுபடி புதுச்சேரி ஆஸ்பத்திரியில். 6, 10, 14 வார ஊசிகள் கடலூரில். ஒன்பதாம் மாத எம்.ஆர். (தட்டம்மை-ருபெல்லா) ஊசி லாஸ்பேட்டையில். இதில் எந்த இடத்தில் சங்கிலி அறுந்தாலும், புதுச்சேரிக் கணக்கில் "பதிவு செய்தார், பிறகு வரவில்லை", கடலூர்க் கணக்கில் "திடீரென்று வந்தார், பிறகு காணவில்லை". இரண்டு இடத்திலும் இவள் தொடர்பு விட்டுப்போன தாய். உண்மையில் ஒரு ஊசி கூடத் தவறவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: உண்மையிலேயே 14 வார ஊசி தவறிப்போன குழந்தையை, அந்த ஊரில் போட்டிருப்பார்கள் என்று இந்த ஊரும் இந்த ஊரில் போட்டிருப்பார்கள் என்று அந்த ஊரும் விட்டுவிடுவது. நாடு முழுவதற்குமாக வந்திருக்கும் யு-வின் தடுப்பூசிப் பதிவு இந்த இடைவெளியை அடைக்கத்தான், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கைப்பேசி எண்ணைச் சொன்னால்தான் அது வேலை செய்யும். புகுந்த வீட்டில் கணவர் எண், தாய்வீட்டில் அப்பா எண் என்று கொடுத்தால் மறுபடியும் இரண்டு குழந்தை.

சர்வேக்காரர்கள் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில், வழக்கமாக அந்த வீட்டில் இருப்பவரையும் முந்தின இரவு அங்கே தங்கிய விருந்தாளியையும் சேர்த்துப் பட்டியல் போடுவார்கள். "நேத்து ராத்திரி இந்த வீட்டுல யார் யார் படுத்தாங்க?" என்று கேட்பது வம்புக்கில்லை, தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணை எந்த வீட்டிலாவது பிடித்தாக வேண்டுமே. ஒரு சின்ன சர்வே இந்த விதியை யோசிக்காமல் "இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் மட்டும்" என்று போட்டால், புதிதாய்ப் பிரசவித்தவர்கள் மொத்தமாக நழுவிவிடுவார்கள். உள்ளூரில் நடக்கும் எந்த சர்வே அறிக்கையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

எத்தனை வீடு?

"நம்ம தெருவுல நாலு வீடுதான் கேட்டாங்க, அதை வச்சு எப்படி ஊரைச் சொல்ல முடியும்" என்பது அடிக்கடி வரும் சந்தேகம். கொஞ்சம் கணக்குப் போடலாம்.

ஒரு வார்டில் 1,000 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்று 4,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு வருடம் 13 பிறப்பு என்றால் வருடத்துக்குச் சுமார் 52 குழந்தை. ஒரு வயது முடிந்து இரண்டு வயது முடியாத குழந்தைகளிடம்தான் தடுப்பூசி முழுமையாகப் போட்டதா என்று பார்ப்பார்கள், அவர்களும் கிட்டத்தட்ட 50 பேர்தான். இருபது வீட்டுக்கு ஒரு வீடு.

உலக சுகாதார நிறுவனத்தின் பழைய, பரவலான முறை "முப்பதுக்கு ஏழு". ஊரை மக்கள்தொகைக்கு ஏற்ப 30 இடமாகத் தேர்ந்தெடுப்பது, ஒவ்வோர் இடத்திலும் 7 குழந்தை, மொத்தம் 210. இருபது வீட்டுக்கு ஒரு குழந்தை என்றால் 210 குழந்தையைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 4,200 கதவைத் தட்ட வேண்டும். உங்கள் வீட்டில் "சின்னக் குழந்தை இல்லை" என்றதும் ஒரு நிமிடத்தில் நகர்ந்துபோகிறார்களே, அவர்கள் வேலையை ஏமாற்றவில்லை, அந்த ஒரு நிமிடமும் கணக்கில் சேர்கிறது.

இந்த 210இல் 85 சதவீதம் முழுத் தடுப்பூசி என்று வந்தால் உண்மை எங்கே இருக்கும்? ஒரே தெருக் குழந்தைகள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதற்கும் இடம் விட்டுக் கணக்கிட்டால், மேலே 7, கீழே 7 புள்ளி ஏறி இறங்கலாம். அதாவது 78க்கும் 92க்கும் நடுவில். அடுத்த வருடம் 82 என்று வந்தால் "தடுப்பூசி சரிந்தது" என்று தலைப்புப் போட முடியாது, அது சரிவாகவும் இருக்கலாம், எடுத்த வீடுகள் மாறியதாலும் இருக்கலாம்.

பழைய முறையில் இன்னொரு ஓட்டை இருந்தது. தெருமுனையில் நின்று பேனாவைச் சுழற்றி, அது காட்டும் திசையில் போய், அடுத்தடுத்த வீடுகளில் குழந்தை தேடுவார்கள். திண்ணையில் குழந்தை விளையாடும் வீடு கண்ணில் படும், சந்துக்குள்ளே மாடியில் ஒரு அறையில் குடியிருக்கும் குடும்பம் படாது. இப்போது உலக சுகாதார நிறுவனமே எந்தெந்த வீடு என்பதை முன்கூட்டியே குலுக்கிப்போட்டு எடுத்து, அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்கிறது.

குலுக்கிப்போட ஒரு பட்டியல் வேண்டும். நம்மிடம் கடைசியாக இருக்கும் மக்கள்தொகைக் கணக்கு 2011இல் எடுத்தது. ஐந்தாவது குடும்ப நல ஆய்வே அந்தப் பகுதிகளைத்தான் அடித்தளமாக வைத்துக்கொண்டது. அப்போது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை சுமார் 12.48 லட்சம், அதில் 68 சதவீதம் நகரவாசிகள். அதற்குப் பிறகு வில்லியனூர் பக்கமும் கடலூரைச் சுற்றியும் வயலாக இருந்த இடத்தில் எத்தனை "நகர்" முளைத்திருக்கிறது என்று பஸ்ஸில் போனாலே தெரியும். கடலூர் 2021இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அடுத்த கணக்கெடுப்பு 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை ஒவ்வொரு சர்வேயும் தனக்கென்று தெருத் தெருவாக நடந்து புது வீட்டுப் பட்டியல் எடுத்தால்தான் புதிதாக வந்தவர்கள் அதில் இருப்பார்கள். செலவு பிடிக்கிற வேலை, அதனால் முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

வாசலில் என்ன அளக்கிறார்கள்

சர்வேயின் தரம் கணினியில் தீர்மானமாவதில்லை, திண்ணையில்தான். சில உதாரணம்.

1. தடுப்பூசி. முதலில் அட்டையைக் கேட்பார்கள். அட்டை தாய்வீட்டில் இருக்கிறது என்றால் அம்மாவின் ஞாபகத்தைத்தான் எழுத வேண்டும், "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்பது ஒரு பதிலே இல்லை. கையிலா தொடையிலா, எத்தனை தடவை, சொட்டு மருந்து தனியாகவா என்று பிரித்துக் கேட்பார்கள். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசிக்கு இடது புஜத்தில் தழும்பு இருக்கிறதா என்று சட்டைக் கையை ஏற்றிப் பார்ப்பார்கள்.

2. பிறந்த எடை. 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. "எவ்வளவு இருந்துச்சும்மா?" என்றால் பலர் "ரெண்டரை கிலோ" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தால் 2.430 என்று இருக்கும். அந்த 70 கிராம் அந்தக் குழந்தையைக் குறை எடைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். சர்வே முடிவில் 2.5லும் 3.0விலும் மட்டும் மலைபோலக் குவிந்திருந்தால், சீட்டைப் பார்க்காமல் வாய்ச்சொல்லை எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

3. வயதுக்கேற்ற உயரம். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. மாற்றி அளந்தால் அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டிய பிள்ளை அந்தப் பக்கம் போய்விடும். வயது ஒரு மாதம் தப்பினாலும் அப்படித்தான். சான்றிதழ் கையில் இல்லையென்றால் ஊர் நாட்காட்டியை வைத்துக் கேட்பார்கள்: ஃபெஞ்சல் புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, வீராம்பட்டினம் தேருக்கா, வைத்திக்குப்பத்துல மாசி மகத்துக்கா. 2024 நவம்பர் 30 ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை எந்தத் தாயும் மறக்க மாட்டாள், அப்போது குழந்தை வயிற்றில் இருந்ததா, மடியில் இருந்ததா, எத்தனை மாதம் என்று டக்கென்று சொல்லிவிடுவாள்.

4. ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைவாக இருந்தால் ரத்தசோகை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளி ரத்தத்தில் பார்ப்பதும் நரம்பிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் ஒரே எண்ணைத் தருவதில்லை, விரலைப் பிதுக்கினால் எண் இன்னும் மாறும். ஆகவே வேறு வேறு முறையில் எடுத்த இரண்டு சர்வேக்களின் ரத்தசோகை சதவீதத்தைப் பக்கத்தில் வைத்து ஏறியது இறங்கியது என்று பேசக் கூடாது.

5. இறந்த குழந்தை. இதுதான் கேட்கவும் சொல்லவும் கடினமானது. "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றால் இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். பிறந்த அன்றே போன குழந்தை வாயில் வராது. அதனால் "பிறந்து அழுது, இல்லை கொஞ்சம் அசைஞ்சு, மூச்சு விட்டு, அப்புறம் தவறிப்போன குழந்தை உண்டா அம்மா?" என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பதில் வராது, தண்ணீர் கேட்கிற சாக்கில் அவரை உள்ளே அனுப்பிவிட்டுத் தணிந்த குரலில் கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல கணக்கெடுப்பாளர். இந்த ஒரு கேள்வியை அவசரமாகக் கடந்துபோனால், ஒரு ஊரின் சிசு மரண விகிதம் யாரும் எதுவும் செய்யாமலேயே குறைந்துவிடும்.

பூட்டிய வீடு

என் பார்வையில் ஒரு நகர்ப்புற சர்வேயை நம்பலாமா கூடாதா என்பதை ஒரே ஓர் இடத்தில் தெரிந்துகொள்ளலாம்: பூட்டிய வீட்டை என்ன செய்தார்கள்?

எளிய வழி பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டுப் போவது. பக்கத்து வீட்டில் ஒரு தாய் பகலில் வீட்டில் இருக்கிறார், பேசுகிறார், அட்டை வைத்திருக்கிறார். பூட்டிய வீட்டுக்காரர் யார்? தேவனாம்பட்டினத்திலோ வம்பாகீரப்பாளையத்திலோ காலையில் போனால் மீன் விற்கப் போன பெண். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் என்றால் ஷிப்டுக்குப் போனவர். வேறு மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, குழந்தையைச் சைட்டுக்கே தூக்கிப் போகும் தம்பதி. இன்னொரு பக்கம், வாட்ச்மேன் உள்ளே விடாத அடுக்குமாடி. விடுபடுகிறவர்கள் கலவையாக இல்லை, பகலில் வேலைக்குப் போக வேண்டியவர்களும் யாரிடமும் பதில் சொல்லத் தேவையில்லாதவர்களும் மொத்தமாக விடுபடுகிறார்கள். மிஞ்சுவது நடுவில் இருப்பவர்களின் நூறு. அந்த நூறின் சதவீதம் எப்போதுமே அழகாக வரும்.

அதனால் முறையான சர்வே ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று முறை, வேறு வேறு நேரத்தில் போகும். மீனவர் குப்பத்துக்கு மதியத்துக்கு மேல். வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்படியும் கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்றே எழுதி, எத்தனை வீடு கிடைக்கவில்லை என்பதை அறிக்கையில் சொல்லும். தப்பு கிடைக்காததில் இல்லை, அதை மறைப்பதில் இருக்கிறது.

சர்வேயால் முடியாத ஒன்று

தாய் இறப்பு. 2018-20க்கான எஸ்.ஆர்.எஸ். கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த 54ஐ நம் 1,000 வீட்டு வார்டுக்குக் கொண்டுவாருங்கள். 1,850 பிறப்புக்கு ஒரு மரணம், வருடத்துக்கு 52 பிறப்பு, ஆக ஒரு மரணத்துக்குச் சுமார் 35 வருடம். ஒரு வார்டில் "இந்த ஆண்டு தாய் மரணம் பூஜ்யம்" என்றால் அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது, எவ்வளவு மோசமான வார்டிலும் பெரும்பாலான ஆண்டுகளில் பூஜ்யம்தான் வரும். இதை எண்ண வேண்டிய வழி வேறு: நடந்த ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக விசாரிப்பது, எந்த மணி நேரத்தில் எந்த வண்டி வரவில்லை, எந்த ரத்தம் கிடைக்கவில்லை என்று.

எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு

ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம். பெரிய விஷயம், இதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான செவிலியர்களின் நடை இருக்கிறது. ஆனால் ஒரு கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் அந்தக் கேள்வி அங்கே வேலை செய்யாது. அதே ஆய்வில் மற்ற எண்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், முந்தைய சுற்றில் 34.1. இந்திய சராசரி 21.5. கர்ப்பிணிகளில் ரத்தசோகை 48.3. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை.

அப்படியானால் வாசலில் கேட்க வேண்டியவை மாறுகின்றன. சிசேரியன் என்றால் முன்பே முடிவானதா, வலி வந்த பிறகா, யார் சொன்னார்கள். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தார்களா (அறுவை முடிந்து தாய் ஒரு வார்டில், குழந்தை இன்னொரு வார்டில் என்றால் அந்த ஒரு மணி நேரம் எளிதில் போய்விடும்). இரும்புச்சத்து மாத்திரையை வாங்கினார்களா என்பதோடு நிற்காமல் விழுங்கினார்களா, விட்டார்களென்றால் வாந்தியா, மலச்சிக்கலா. வீடு திரும்பிய பிறகு முதல் வாரத்தில் யாராவது வந்து தாயைப் பார்த்தார்களா. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் பதில் இருக்காது, அந்தப் பெண்ணிடம் மட்டும்தான் இருக்கும்.

செய்தியில் ஒரு சதவீதம் வந்தால்

1. கீழே இருக்கும் நூறு யார்? பதிவு செய்தவர்களில் 98 சதவீதமா, ஊரில் இருக்கும் எல்லாத் தாய்மார்களிலுமா? 100ஐத் தாண்டும் சதவீதம் வந்தால் வெளியூர்க்காரர்கள் மேலே எண்ணியவர்களில் சேர்ந்து, கீழே வகுக்கும் மொத்தத்தில் சேரவில்லை என்று அர்த்தம்.

2. எத்தனை பேர்? குடும்ப நல ஆய்வின் மாவட்டத் தாள்களில் சில எண்களைச் சுற்றி அடைப்புக்குறி இருக்கும், சில இடத்தில் எண்ணே இல்லாமல் நட்சத்திரம். அடைப்புக்குறி என்றால் அந்த எண் 25 முதல் 49 பேரை வைத்து வந்தது, நட்சத்திரம் என்றால் 25 பேர்கூடக் கிடைக்கவில்லை. செய்தியில் போடும்போது இந்தக் குறி காணாமல் போய்விடுகிறது.

3. எப்போது? தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஐந்தாவது ஆய்வு 2020 ஜனவரியில் தொடங்கிய கட்டத்தில், நடுவில் ஊரடங்கோடு நடந்தது. அதில் கேட்டது அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்த பிரசவங்களைப் பற்றி. அது இன்றைய நிலவரம் இல்லை.

4. "நகரம்" என்றால் எது? கடற்கரைச் சாலையும் அதற்கு வடக்கே நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் குப்பங்களும் அட்டவணையில் ஒரே "நகர்ப்புறம்". சராசரி யாருடைய வீட்டையும் காட்டுவதில்லை.

பதில் சொல்ல வேண்டுமா?

கட்டாயமில்லை. யார் நடத்துகிறார்கள், எதற்கு, பெயர் வெளியில் வருமா என்று கேட்கலாம், முறையான சர்வே முதலில் சம்மதம் கேட்டுத்தான் தொடங்கும், நடுவில் எந்தக் கேள்வியையும் வேண்டாம் என்று சொல்லலாம். நர்ஸம்மா செய்யும் பதிவுக்கு ஆதார், வங்கிக் கணக்கு, சில நேரம் ஓ.டி.பி. கூட வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே பணமும் ஊசியும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். சர்வேக்கு இவை எதுவும் தேவையில்லை. யாராவது சர்வே என்று சொல்லி ஓ.டி.பி. கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

மற்றபடி நேரம் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள், அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்து வந்து காட்டுங்கள். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்றால், "அவ இந்த வீட்டுக்காரி இல்லைங்க" என்று சொல்லி அனுப்பாமல் அவளையும் கூப்பிடுங்கள், மாமியார் வீட்டில் கேட்டபோது அவள் அங்கே இல்லை.